பாக்கி வழக்குத் தீர்ப்பு: ஒரு திறனாய்வு

நீதிமன்றத் தீர்ப்பொன்றை இலக்கியப் படைப்பைப்போல் எடுத்துவைத்து ஆராய்வது வழக்கமன்று. ஆயினும் 1978 ஜூன் 28 அன்று ஐக்கிய அமெரிக்க நாடுகளின் உச்ச நீதிமன்றம் வழங்கிய பாக்கி வழக்குத் தீர்ப்பு அவ்வாறு ஆராயத்தக்கது. நீதி என்ற சொல் நிற்க வேண்டிய இடத்தில் பன்மை என்ற சொல் அதில் வைக்கப்பட்டது. அம்மாற்றத்தின் விளைவு 45 ஆண்டுகள் கழித்தே முற்றிலும் வெளிப்பட்டது.

வழக்கின் வரலாறு எளியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, தன் 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மை இனத்தாருக்கென ஒதுக்கியிருந்தது. 1973லும் 1974லும் இடம் மறுக்கப்பட்ட ஆலன் பாக்கி என்னும் வெள்ளையர், தம்மைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றோர் அவ்விடங்களில் சேர்க்கப்பட்டனரென வழக்குத் தொடுத்தார். அவருடைய மனக்குறையைப் பொய்யெனத் தள்ள நாம் துணியோம். தமிழில் எழுதும்போது அவர் பெயர் தீராக் கடனைக் குறிக்கும் சொல்லாகிவிடுவது தற்செயலே. எனினும் அவ்வழக்கில் மறக்கப்பட்ட பொருளும் அதுவே.

நீதியரசர் ஒன்பதின்மரில் நால்வர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றமையால், லூயிஸ் பவல் என்னும் ஒருவருடைய கருத்தே முடிவைத் தீர்மானித்தது. எண்ணிக்கையிட்டு இடம் ஒதுக்குதல் கூடாது, ஆனால் இனத்தை ஒரு கூறாகக் கருதலாம் என்றார் அவர். எதன் பொருட்டு? கல்லூரி கூறிய நோக்கங்களை அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார். சமுதாயம் பொதுவாக இழைத்த கொடுமைக்கு ஈடு செய்தல் போதிய காரணமன்று. மருத்துவ வசதியற்ற மக்களுக்கு இத்திட்டம் மருத்துவரை அளிக்கும் என்பதற்குச் சான்றில்லை. மாணவரிடையே பன்மை இருத்தல் கல்விக்கு நலம் என்ற ஒன்றே இறுதியில் எஞ்சிற்று.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறையைப் பவல் தம் கருத்துரைக்குப் பின்னிணைப்பாக்கி, அதையே முன்மாதிரியாகக் காட்டுகிறார். ஐடஹோ மாநிலத்து உழவர் வீட்டுப் பிள்ளை பாஸ்டன் நகரத்தார் தரவியலாத ஒன்றைக் கொண்டுவருவதுபோலவே கறுப்பின மாணவரும் ஒன்றைக் கொண்டுவருவார் என்பது அங்குள்ள வாதம். படிக்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அவ்வுழவரின் முன்னோர் சந்தையில் விற்கப்பட்டதில்லை என்பதை இவ்வொப்புமை மறைத்துவிடுகிறது. மேலும், கறுப்பின மாணவர் உள்ளே வருவது அவருக்கு அது உரியது என்பதனாலன்று, ஏற்கெனவே உள்ளிருப்போரின் கல்விக்கு அவர் பயன்படுவார் என்பதனாலேயே என்றாகிவிடுகிறது.

அதே வழக்கில் தர்குட் மார்ஷல் தனியே எழுதிய கருத்துரையை நம் மாணவர் தேடிப் படித்தல் நன்று. பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டு வழக்கில் கறுப்பின மக்களுக்காக வாதாடியவர் அவர். 1967இல் அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. அவருடைய வாதம் பன்மையின்மேல் நிற்கவில்லை. சங்கிலியில் கொண்டுவரப்பட்டது, அரசியலமைப்பே அடிமை முறையைக் காத்தது, விடுதலைக்குப் பின்னும் வாக்குரிமை பறிக்கப்பட்டது, இரயில் வண்டியிலும் பள்ளியிலும் பிரித்துவைக்கப்பட்டது என வரிசையாக எழுதிச் செல்கிறார். வறண்ட நடைதான். கணக்கேட்டின் நடை வேறெவ்வாறு இருக்கும்?

பவலின் வாதம் 2003இல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில் பெரும்பான்மையோரின் வாதமாயிற்று. இன்னும் 25 ஆண்டுகளில் இச்சலுகை தேவைப்படாது என எதிர்பார்ப்பதாக நீதியரசர் சாண்ட்ரா டே ஓ'கானர் அதில் எழுதினார். கொடுமைக்கு அவ்வாறு எவரும் கெடு வைத்ததாக நாம் அறியோம். 2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள்மீதான வழக்குகளில், தலைமை நீதியரசர் ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு அத்தகைய சேர்க்கை முறைகளைச் செல்லாதனவாக்கிற்று. பன்மையின் நன்மைகளை எந்த அளவுகோலால் அளப்பது, எப்போது போதும் என்பது என்று அவர் கேட்டார். பவல் இட்ட அடித்தளத்தில் நின்று இதற்கு விடை கூறுதல் அரிது.

ஆசிய வழியினரான மாணவரின் ஆளுமையை ஹார்வர்டு குறைத்து மதிப்பிட்டது என்ற குற்றச்சாட்டைக் கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும் அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. பன்மை என்னும் வாதம் ஒருவரைச் சேர்க்க உதவுவதுபோலவே, 'இவ்வகையினர் போதும்' என்று மற்றொருவரைத் தடுக்கவும் உதவும். கடன் என்னும் வாதத்திலோ, யார் யாருக்குக் கொடுக்கவேண்டியவர் என்றாவது கேட்க முடியும். பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு ஹார்வர்டு காட்டிவந்த முன்னுரிமை அவ்வழக்கில் தீர்ப்புக்கு வரவேயில்லை என்பதையும் குறிக்க வேண்டும்.

நம் நாட்டில் வாதம் வேறு வழியில் சென்றது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாதென்று தீர்ப்பானபின், அதே ஆண்டின் முதல் திருத்தம் 'சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கியோர்' என்று காரணத்தை வெளிப்படையாகவே எழுதிற்று. ஆயினும் நாம் பெருமை கொள்ள இடமில்லை. அட்டவணைச் சாதியார் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணையில் சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியிலேயே நிற்கின்றனர். இதற்காக அரசிடம் முறையிடுகையில் சபை மார்ஷலின் மொழியில், கடனென்றே பேசுகிறது. திருப்பணிக்கு வேட்பாளரைத் தெரிந்துகொள்ளும் குழுவில் அமர்ந்தவுடனோ, 'எல்லாப் பகுதியினரும் இருந்தால் வகுப்பு நன்றாயிருக்கும்' என்று பவலின் மொழிக்கு மாறிவிடுகிறது. அவ்வாறு பேசிய குழுக்களில் நாமும் அமர்ந்திருக்கிறோம். மறுத்துப் பேசியதாக நமக்கு நினைவில்லை.