எண்ணப்படாத இறந்தோர்: 'பர்மிய யாழ்' நாவல் பற்றிய ஒரு நோக்கு

யுத்தம் முடிவடையும் நாளும் படைவீரன் விடுவிக்கப்படும் நாளும் ஒன்றல்ல. 1945 ஆகஸ்டில் யப்பான் சரணடைந்தபோது பர்மாவில் எஞ்சியிருந்த யப்பானியப் படையினர் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் வரும்வரை முகாம்களிற் காத்திருந்தனர். மாதங்கள் சென்றன, பலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆயிற்று. அக்காலப்பகுதியில் அவர்கள் போர்வீரருமல்லர், குடிமக்களுமல்லர். முகாம் வேலை போக எஞ்சியது நினைவு ஒன்றே. பர்மாப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 3 இலட்சம் பேரிற் பாதிக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுட் பெருந்தொகையினரைக் கொன்றவை பசியும் நோயுமே. 1944இல் இம்பாலிலிருந்து பின்வாங்கிய பாதையெங்கும் பிணங்கள் கிடந்தன. உயிருடன் முகாமிலிருந்த ஒவ்வொருவனுக்கும் புதைக்கப்படாத தோழன் ஒருவனேனும் இருந்தான் என்பது மிகையன்று.

இந்த இடைக்காலத்தையே தாக்கேயாமா மிச்சியோ (1903-1984) தமது 'பர்மிய யாழ்' நாவலின் களமாகக் கொண்டார். அவர் தொழில்முறை நாவலாசிரியரல்லர். தோக்கியோவின் முதலாம் உயர்நிலைக் கல்லூரியில் யேர்மன் மொழி கற்பித்தவர், நீட்சேயை மொழிபெயர்த்தவர். அவருடைய மாணவர் பலர் வகுப்பறையிலிருந்து போர்முனைக்குச் சென்று மீளாது போயினர். 1947-48இல் 'செந்தும்பி' எனப் பொருள்படும் பெயர்கொண்ட சிறுவர் சஞ்சிகையில் இக்கதை தொடராக வெளிவந்தது. மாணவரைப் பறிகொடுத்த ஆசிரியர் ஒருவர் அடுத்த தலைமுறைச் சிறுவர்க்குச் சொன்ன கதை என்ற உண்மையை மறந்து இதனைத் திறனாய முடியாது. நாவலின் பலமும் பலவீனமும் அவ்வூற்றிலிருந்தே பிறக்கின்றன.

கதை எளிது. இசை பயின்றவரான கப்டன் இனூயே தம் கம்பனிக்குப் பாடக் கற்பிக்கிறார். கோப்பிரல் மிசுஷிமா பர்மிய மாதிரியில் அமைந்த யாழை மீட்டுகிறான். சரணடைந்தபின், மலையொன்றில் இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கும் யப்பானியரைச் சரணடையுமாறு கேட்க மிசுஷிமா அனுப்பப்படுகிறான். அவர்கள் மறுக்கின்றனர்; குண்டுமழை பொழிகிறது; அவன் திரும்பவில்லை. தோழர்கள் தென்பர்மாவிலுள்ள முடோன் முகாமுக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். அங்கே வேலிக்கு வெளியே தோளிற் கிளியுடன் நடமாடும் பிக்கு ஒருவர் அவர்கள் கண்ணிற் படுகிறார். அவர் மிசுஷிமாவைப் போலவே இருக்கிறார். ஆயினும் அவர் வாய் திறப்பதில்லை.

(யாழ் என்ற சொல் இங்கு வெறும் மொழிபெயர்ப்பு வசதியன்று. வில்போல் வளைந்த பர்மியக் கருவி, தமிழகத்தில் வழக்கொழிந்த வில்யாழின் குடும்பத்தைச் சார்ந்தது. விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' வெளிவந்ததும் 1947இலேயே என்பது தற்செயலான, ஆனால் நினைக்கத்தக்க பொருத்தம்.)

நாவலின் உருவம் கூர்ந்து நோக்கற்பாலது. கதை கூறுபவன் வேலிக்குள் இருந்த சாதாரணச் சிப்பாய் ஒருவன். மிசுஷிமாவின் உள்ளம் இறுதிப் பகுதியில், நாடு திரும்பும் கப்பலில் வாசிக்கப்படும் கடிதம் வாயிலாகவே வெளிப்படுகிறது. அதுவரை வாசகனும் வேலிக்குள்ளேயே நிற்கிறான். காத்திருப்போர் ஒரு புறம், இறந்தோரை நினைப்பவன் மறுபுறம் எனத் தாக்கேயாமா ஒரே அனுபவத்தை இரண்டாகப் பிளந்திருக்கிறார். முகாமிலுள்ளோர் அன்பற்றவரல்லர். கிளியொன்றைப் பெற்று, "மிசுஷிமா, ஒன்றாக யப்பானுக்குத் திரும்புவோம்" என்ற கருத்துப்படப் பேச அதற்குக் கற்பிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கவலையெல்லாம் கம்பனியின் எண்ணிக்கை குறையாமல் ஊர் சேர வேண்டும் என்பதே. இறந்தோர் அவர்கள் கணக்கில் இல்லை. அவர்களின் பாசமே அவர்களைக் குருடாக்குகிறது. சிறுவர் சஞ்சிகைக்கு எழுதிய ஒருவரிடம் இத்தகைய நுண்மை எதிர்பாராதது.

மிசுஷிமாவின் மனமாற்றமும் திடீரென நிகழ்வதன்று. முடோனை நோக்கி விரையும் வழியில் அழுகிக் கிடக்கும் பிணங்களைக் கண்டு, சிலவற்றைப் புதைத்தும் பலவற்றைக் கடந்தும் வருகிறான். ஊரை அடைந்தபின்னரே அந்த நிகழ்ச்சி இடம்பெறுகிறது. பெயர் தெரியாத யப்பானிய வீரருக்காகப் பிரித்தானிய மருத்துவமனையைச் சேர்ந்தோர் பாடி அஞ்சலி செலுத்துவதைக் காண்கிறான். எதிரி செய்த கடமையைத் தான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து வந்தமை அவனைச் சுடுகிறது. தோழரின் வாசல்வரை வந்தவன் அங்கிருந்தே திரும்பி நடக்கிறான். ரெமார்க்கின் 'திரும்பும் பாதை' (1931) நாவலில் வரும் யேர்மன் வீரர்கள் இறந்தோரைத் தம் நெஞ்சிற் சுமந்து வீடு செல்கின்றனர். இவனோ இறந்தோருக்காக வீட்டையே துறக்கிறான். அவனைப் புனிதனாக்கும் வாசிப்புகள் அவன் வெட்கத்தை மறந்துவிடுகின்றன. அந்த வெட்கமே பாத்திரத்திற்கு உயிரளிக்கிறது.

எனினும் இந்நாவலை வியந்து மட்டும் நிறுத்துதல் திறனாய்வாகாது. கதைக் களத்தை முதலிற் சீனாவிலேயே அமைக்க எண்ணியதாகவும், யப்பானியரும் சீனரும் ஒருங்கே அறிந்த பாடல் இல்லாமையாற் பர்மாவுக்கு மாற்றியதாகவும் தாக்கேயாமாவே கூறியுள்ளார். பகைவர் இருவரும் சேர்ந்து பாட வேண்டும். அதற்கு 'வீடு, இனிய வீடு' என்ற ஆங்கில மெட்டு ஏற்றது. மெய்யி காலத்திலிருந்து யப்பானியப் பள்ளிகளிற் பாடப்பட்டு வந்த மெட்டு அது. கலை நோக்கில் இது நியாயமான தெரிவு. ஆனால் அத்தெரிவின் விலை என்ன? 1937 முதல் எட்டாண்டுகள் யப்பான் சீனாவில் நடத்திய யுத்தம் கதையிலிருந்து மறைகிறது. எஞ்சுவது இரு ஏகாதிபத்தியப் படைகள் ஒரு மெட்டில் இணையும் காட்சி. அவர்கள் யாருடைய மண்ணில் நின்று பாடினர் என்ற வினா எழுவதேயில்லை.

அந்த மண்ணின் மக்கள் நாவலில் நிழல்களே. தாக்கேயாமா பர்மாவைக் கண்டவரல்லர். பிக்கு யாழ் மீட்டுகிறார் என்பதை யப்பானிய வாசகன் ஏற்றுக்கொள்ளலாம். தேரவாத மரபை அயலிற் காணும் இலங்கை வாசகனுக்கு அது உடனே உறுத்தும்; பத்துச் சீலங்களுள் ஆடல், பாடல், வாத்தியம் ஆகியவற்றை விலக்கும் சீலமும் ஒன்று. இதனைக் கலைஞனின் உரிமை என மன்னிக்கலாம். மிசுஷிமா நரமாமிசம் உண்ணும் கூட்டத்தாரிடம் அகப்படும் பகுதியை அவ்வாறு மன்னிக்க இயலாது. பர்மியரின் துறவு வாழ்வை யப்பானின் சீருடை வாழ்வுக்கு எதிரே வைத்து முகாமில் வீரர்கள் நடத்தும் விவாதம் நாவலின் சிறந்த சிந்தனைப் பகுதி. அதே நூல் அந்நாட்டு மக்களில் ஒரு சாராரைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரிப்பது கசப்பான முரண். 1956இல் இதனைத் திரைப்படமாக்கிய இச்சிகாவா கொன் அப்பகுதியை முற்றாக நீக்கினார். அவருடைய மிசுஷிமா, தன்னைக் காப்பாற்றிய பிக்கு நீராடுகையில் அவர் அங்கியைத் திருடி அணிகிறான். களவிலே தொடங்கும் துறவு, நாவலின் ஏற்பாட்டிலும் பன்மடங்கு உண்மையானது.

முடோன் என்ற இடத்தேர்வு இவை அனைத்திலும் பாரதூரமானது. முடோனுக்குத் தெற்கே, மூல்மெயினிலிருந்து செல்லும் அதே வழியில், தன்பியுசயாட் உள்ளது. 415 கிலோமீற்றர் நீளமான சயாம்-பர்மா ரயில் பாதையின் பர்மிய முனை அதுவே. 1942-43இல் அப்பாதையை அமைப்பதற்கு யப்பானிய இராணுவம் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளையும், அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளரையும் காட்டுக்குள் இழுத்துச் சென்றது. கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் இழப்பு 90,000 அளவில் இருக்கலாம் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. பர்மியர், மலாயர், யாவாவினர் ஆகியோருடன், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அதில் அடங்குவர். தன்பியுசயாட் யுத்த மயானத்தில் நேசநாட்டுக் கைதிகளுக்கென 3,700க்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக உள்ளன. கொலராவில் மடிந்து காட்டோரக் குழிகளில் ஒன்றாகக் கொட்டப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அவ்வாறான கல் எதுவுமில்லை.

நாவலில் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறுவர் கதையிடம் இதனைக் கேட்பது முறையா என வினவப்படலாம். இக்கேள்வியை வெளியிலிருந்து எவரும் சுமத்தவில்லை, நாவலே எழுப்புகிறது. நினைவுகூர்தல் கம்பனியின் வட்டத்திற்குள் அடங்காது என்பதே மிசுஷிமாவின் கண்டுபிடிப்பு. முன்பின் அறியாதவனின் எலும்பையும் தன் கையால் எடுக்க வேண்டும் என உணர்ந்தே அவன் வேலியை விட்டு நடந்தான். அவ்வாறு கம்பனியின் வட்டத்தைத் தாண்டியவன், தேசத்தின் வட்டத்தில் வந்து நின்றுவிடுகிறான். அவன் தேடியெடுப்பவை தன் நாட்டவரின் எலும்புகளே. அவ்வெலும்புகளுக்கு அருகே, அவன் அணிந்திருந்த சீருடையின் பேரால் மாண்டவர்களின் எலும்புகளும் கிடந்தன.

1985இல் இச்சிகாவா இதே கதையை வண்ணத்தில் மீண்டும் படமாக்கியபோதும் இவ்வெற்றிடம் நிரம்பவில்லை. மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அம்மக்களின் பக்கத்திலிருந்து எழுந்தன. கலை முழுமையில் அவை தாக்கேயாமாவின் நூலுக்கு நிகரா என்பது தனியே ஆராயத்தக்கது. ஆயினும் 'பர்மிய யாழ்' நூலை அவற்றின் அருகில் வைத்துப் படிப்பவன் முடோன் வேலியை வேறு கண்கொண்டு பார்ப்பான். 1945இன் பிற்பகுதியில் அவ்வேலிக்குள் யப்பானிய வீரர்கள் கப்பலுக்குக் காத்திருந்த அதே மாதங்களில், ரயில் பாதையோரங்களில் உயிர் தப்பிய தமிழ்த் தொழிலாளரும் மலாயாவுக்குத் திரும்பும் வழி பார்த்துக் காத்திருந்தனர். அவர்கள் படையினரல்லர் ஆதலால், அவர்களுடைய காத்திருப்புக்கு விடுவிப்பு என்ற பெயரும் கிடைக்கவில்லை.