கல் நகர்ந்த ஊர்

மண்டகப்பட்டுக் குகையின் பின்சுவரில் மூன்று அறைகள். மூன்றும் காலி. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி பிரம்மனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் இந்த ஆலயத்தைச் செய்வித்ததாக விசித்திரசித்தன், அதாவது முதலாம் மகேந்திரவர்மன், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமஸ்கிருதத்தில் பொறித்து வைத்திருக்கிறான். இதைக் கட்டடக்கலைச் செய்தியாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் அங்கே நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது. குடைந்த பாறை இடம்விட்டு நகராது. இன்னொரு சாமியின் கூரையைத் தாங்க அதைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம், இதற்கு நேர்மாறான விதியை நான் சீனாவின் சுவான்சௌ நகரில் பார்த்திருந்ததுதான். அங்கே 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நன்மைக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார். கானின் பர்மான்படி என்கிறது கல்வெட்டு. சீன மண், மங்கோலிய அரசன், பாரசீகச் சொல், தமிழ் எழுத்து. கோயில் இன்றில்லை. கற்கள் மட்டும் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

சுவான்சௌ பற்றித் தமிழில் எழுதப்படுவது அனேகமாக ஒரே வாக்கியம்: அங்கேயும் நாம் இருந்தோம். அதற்கு மேல் ஊர் என்ற ஒன்று அந்தக் கட்டுரைகளில் கிடையாது. ஏ.கே. செட்டியார் தன்னைப் பின்னிறுத்திக்கொண்டு ஊர்களை எழுதினார். பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி வாய்க்கவில்லை. போன இடத்தில் எல்லாம் தன் வீட்டு விலாசத்தைத் தேடுகிற எழுத்துதான் மிஞ்சியது.

நானும் அப்படித்தான் போனேன். மேற்குத் தெருவில் கையுவான் ஆலயம். 686-இல் தோன்றிய பௌத்த ஸ்தலம். முற்றத்து ஆலமரங்களையோ, 40 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் இரண்டு கற்கோபுரங்களையோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிரதான மண்டபத்தின் பின்தாழ்வாரத்துக்கு ஓடினேன். பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. ஒரு வட்டத்தில் நரசிம்மன், இன்னொன்றில் மரங்களைச் சாய்க்கும் கண்ணன். மிங் காலத்துத் திருப்பணியில் கொண்டுவந்து சேர்த்தவை. முன்மேடையின் அடிவரிசையில் மனித முகச் சிங்கங்கள், எழுபதுக்கு மேல். பரவசம்தான். நெடுநேரம் கழித்தே இந்தத் தூண்களின் மேல் இருப்பது புத்தரின் கூரை என்பது உறைத்தது. அதுவரை மண்டபத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நரசிம்மன் சோழச் சிற்பிக்குப் பிறந்தவன் அல்ல என்பது என் அபிப்பிராயம். உக்கிரம் போதாது. யாரோ கதையைச் சொல்ல, சீனக் கைகள் தமக்குத் தெரிந்த சிங்க ஆட்டத்துச் சிங்கத்தை நினைத்துக்கொண்டு செதுக்கியது போலிருக்கிறது. பிழை என்று இதைத் தள்ளுகிறவர்களுக்குச் சிற்பம் பார்க்கத் தெரியாது. கதை கை மாறும்போது நேர்கிற கோணல்தான் அங்கே கலையாகி இருக்கிறது.

மறுநாள் தூண்களை மறந்துவிட்டு நடந்தேன். சீதோங் என்பது இந்த ஊரின் பழம்பெயர்களில் ஒன்று. நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கைதான் சீதோங். அரபிகளின் வாயில் அது ஸைத்தூன் ஆயிற்று என்பார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் எழுதிய துறைமுகம் இதுதான். தூமென் தெருவில் 1009-இல் எழுந்த பள்ளிவாசல். தொழுகைக்கூடத்துக்குக் கூரை இல்லை. கருங்கல் சுவர்களுக்கு மேல் நேராக வானம். அதற்கு அடுத்தாற்போல் போர்வீரத் தெய்வம் குவான் யூவின் கோயில். ஊதுவத்திப் புகையில் ஆள் முகம் தெரியாத கூட்டம். ஒன்றில் வெளிச்சமும் மௌனமும், பக்கத்தில் புகையும் இரைச்சலும். தெற்கே துறைமுகப் பக்கம் போனால் கடல் தெய்வம் மாட்சுவின் ஆலயம், 1196-இல் எழுந்தது. அந்நிய வணிகர்கள் வாழ்ந்த பகுதி அது. எதிரே தேஜி வாசலின் அடித்தளம். அங்கே மண்ணுக்கடியிலிருந்து பல மதத்துக் கற்கள் வெளிவந்தன.

இதையெல்லாம் மத நல்லிணக்கம் என்று சொல்லிவிடுவது 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊருக்கு வசதியானது. எனக்கு அதுவும் அரைப்பார்வைதான். 1357 முதல் 1366 வரை இங்கே கலகம் நடந்தது. அதன் முடிவில் அந்நியர்கள் கொல்லப்பட்டார்கள், கடலேறினார்கள், எஞ்சியவர்கள் சுற்றுக் கிராமங்களில் கரைந்தார்கள். கல்லறைகளும் கோயில்களும் பெயர்க்கப்பட்டு மதிலுக்குள் போயின. முஸ்லிமின் நடுகல், கிறிஸ்தவனின் சிலுவைக்கல், நம் கோயில் கல் எல்லாம் ஒரே சுவரில் அருகருகே அடுக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை திரும்ப வெளியே வந்தன. ஊ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து 1957-இல் புத்தகமாக்கினார். நாம் பெருமைப்பட்டுக்கொள்கிற கற்களை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர் எந்த மதத்துக் கல் என்று பிரித்துப் பார்க்காத ஒரு சீனர். நம் கட்டுரைகளில் அவர் பெயர் வருவது அபூர்வம்.

நகருக்கு வெளியே செதியன் என்ற கிராமம். சிறிய கோயிலில் நான்கு கைகளோடு ஒரு பெண் தெய்வம், காலடியில் அசுரன். நம் கண்ணுக்குச் சந்தேகமே வராது. ஊரார் குவான்யின் என்கிறார்கள், கருணையின் வடிவான போதிசத்துவர். அசுரனைக் காட்டி விளக்கிவிட நாக்கு துடித்தது. மொழி தெரியாததால் தப்பினேன். ஒரு மூதாட்டி என் கையில் ஊதுவத்திகளைத் திணித்துவிட்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விரல்களைச் சரிசெய்தாள்.

மண்டகப்பட்டில் நான் குகையை விட்டு இறங்கும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார், எங்கிருந்து வருகிறேன் என்று. சொன்னேன். “இவ்வளவு தூரம் வந்தீங்களா? உள்ள சாமி இல்லீங்களே” என்றார்.