ஆங்கிலச் செயப்பாட்டுவினை: நடைநூல் விதியும் அன்றாட எழுத்தும்

ஆங்கில நடைப்பயிற்சி நூல்களில் செயப்பாட்டுவினையைப் போலப் பழிக்கு உள்ளான தொடரமைப்பு வேறொன்று இல்லை எனலாம். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்க்கென அச்சிட்ட சிறுநூல், செய்வினையையே கையாளுமாறு அறிவுறுத்தியது. அதனை இ. பி. ஒயிட் 1959இல் திருத்தி விரித்து வெளியிட்டபின் அவ்விதி அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாயிற்று. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய ‘அரசியலும் ஆங்கில மொழியும்’ என்னும் கட்டுரையும், செய்வினை இயலுமிடத்தில் செயப்பாட்டுவினை ஆகாது என விதித்தது. இவ்விதி அன்றாட ஆங்கில எழுத்து வழக்கோடு எந்த அளவு பொருந்துகிறது, அதனை அப்படியே ஏற்கும் மொழிபெயர்ப்பாளர்க்கு நேரும் இடர் யாது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. விதியும் விதித்தோரும்

ஸ்ட்ரங்க், ஒயிட் ஆகியோரின் நூல் செயப்பாட்டுவினையை முற்றாக விலக்கவில்லை. சில இடங்களில் அது தேவை என்றும் கூறுகிறது. பின்வந்த ஆசிரியர்கள் விலக்கை நினைவிற் கொண்டு, விதிவிலக்கை மறந்தனர். மேலும், அந்நூல் திருத்திக் காட்டும் நான்கு எடுத்துக்காட்டுகளுள் மூன்று செயப்பாட்டுவினைத் தொடர்களே அல்ல என்பதை மொழியியலார் ஜெஃப்ரி புல்லம் 2009இல் எடுத்துக்காட்டினார். ‘இருத்தல்’ பொருள் தரும் துணைவினை வந்தாலே செயப்பாட்டுவினை எனக் கொண்டதால் விளைந்த பிழை இது. விதியைக் கற்பிக்கும் நூலே அவ்விதி எதற்குரியது என்பதில் தடுமாறியுள்ளது.

ஆர்வெலின் கட்டுரை, முதல் தொடரிலேயே செயப்பாட்டுவினையை ஆள்கிறது. 1989இல் வெளிவந்த மெரியம்-வெப்ஸ்டர் ஆங்கில வழக்ககராதி அக்கட்டுரையில் இவ்வமைப்பு 20 விழுக்காட்டிற்கு மேல் இருப்பதைக் கணக்கிட்டது; அது ஒப்பிட்ட பருவ இதழ் நடையில் உயர்ந்த அளவே 13 விழுக்காடுதான். இது ஆர்வெலைக் குறைகூறுவதற்குரிய செய்தியன்று. நல்ல எழுத்தாளர் தம் செவியைப் பின்பற்றினார், தம் விதியை அன்று என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

2. வழக்கு காட்டும் உண்மை

டக்ளஸ் பைபர் முதலியோர் 1999இல் வெளியிட்ட லாங்மன் இலக்கணம், முற்றுவினைகளுள் செயப்பாட்டுவினையின் பங்கை உரைவகைதோறும் அளந்துள்ளது. ஆய்வுரைகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு, செய்தித்தாள்களில் 15 விழுக்காடு, உரையாடலில் 2 விழுக்காடு. ஆகவே, இவ்வமைப்பின் ஆட்சி எழுதுவோரின் சோர்வைக் காட்டிலும் உரையின் நோக்கத்தைப் பெரிதும் சார்ந்தது. ஆங்கிலச் செயப்பாட்டுத் தொடர்களுள் ஐந்தில் நான்கு வினைமுதலைக் குறிப்பதில்லை எனக் குவர்க் முதலியோரின் 1985ஆம் ஆண்டு இலக்கணம் கூறுகிறது. வினைமுதல் தெரியாமையும், தெரிந்தும் வேண்டாமையும் இதற்குக் காரணங்கள். முன்சொன்ன பொருளைத் தொடரின் தலைப்பில் நிறுத்தி, புதுச்செய்தியை இறுதியில் வைக்கவும் இவ்வமைப்பு உதவுகிறது. சொற்கிடக்கை இறுகிய ஆங்கிலத்தில் இதற்கு வேறு எளிய வழி இல்லை.

வினைமுதலை மறைக்க இவ்வமைப்பு பயன்படுவதும் உண்டு. இங்கிலாந்தின் வேலிகளில் காணப்படும் ‘டிரெஸ்பாசர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட்’ என்னும் பலகை இதற்குச் சான்று. அத்துமீறி நுழைவோர் மீது குற்றவழக்குத் தொடரப்படும் என்பது அதன் பொருள். ஆயின் அந்நாட்டுச் சட்டத்தில், பிறர் நிலத்தில் வெறுமனே நுழைதல் பொதுவாக உரிமையியல் தவறேயன்றிக் குற்றமன்று. குற்றவழக்குத் தொடர்பவர் யார் என்று எழுதப் புகுந்தால் அச்சுறுத்தல் வலுவிழக்கும்; வினைமுதல் இல்லாத தொடர் அதனைக் காக்கிறது.

3. பொறுப்பும் தொடரமைப்பும்

பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்குரிய வாய்பாடாக ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்பது அடிக்கடி சுட்டப்படும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1876இல் நாடாளுமன்றத்திற்கு விடுத்த செய்தியில் தவறுகள் செய்யப்பட்டுள்ளன என்றார். அதே தொடரில், தாம் அதனை ஒப்புவதாகச் செய்வினையில் கூறினார். ஈரான் படைக்கல விவகாரம் குறித்து ரீகன் 1987இல் ஆற்றிய உரையிலும் இவ்வாய்பாடு வந்தது. அங்கும் முயற்சியின் தோல்விக்கான பொறுப்பைத் தாமே ஏற்பதாக அவர் செய்வினையில் கூறியிருந்தார். தவறிழைத்தோர் யாவர் என்னும் வினா மட்டும் விடையின்றி நின்றது. எனவே தனித்தொடரை நோக்கி மறைப்பு என முடிவுகட்டுதல் பொருந்தாது. அதே உரையின் பிற இடங்களில் அவ்வினாவிற்கு விடை உண்டா என்பதே நோக்கத்தக்கது.

மற்றொன்றும் கருதத்தக்கது. செயப்பாட்டுவினை வினைமுதலைச் சொல்லாது விடினும், ஒருவர் செய்தார் என்னும் குறிப்பை விடுவதில்லை. ‘யாரால்’ என வினவ இடந்தருகிறது. ‘தவறு நேர்ந்தது’ என்னும் தன்வினையோ அவ்வினாவையே எழவொட்டாது தடுக்கிறது. செயப்பாட்டுவினை இல்லாத தொடரே இங்கு மிகுதியாக மறைக்கிறது.

4. மொழிபெயர்ப்பில் நேரும் இடர்

ஆங்கில நடைநூல் விதியைத் தமிழ் மரபின் பெயரால் ஏற்போர், ‘படு’ வடிவை எங்கும் நீக்கிச் செய்வினையாக்க முனைவர். தமிழ் உரைநடையில் அவ்வடிவம் மிகுந்தமைக்கு ஆங்கிலத் தாக்கம் ஒரு காரணம் எனினும், வடிவம் பிறமொழி வரவன்று. ‘செயப்படுபொருள்’ என்னும் தொல்காப்பியக் கலைச்சொல்லிலேயே அது உள்ளது. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறும் வழக்கையும் தொல்காப்பியம் உடன்படுகிறது; ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு.

இடர் விகுதியில் உள்ளது. தமிழ்ச் செய்வினை முற்று பெரும்பாலும் திணை, பால், எண், இடம் காட்டி நிற்கும். மேற்காட்டிய ஆங்கில வாய்பாட்டைத் ‘தவறு செய்துவிட்டோம்’ எனின், கூறியவர் கூறாத ஒப்புதல் அவர் வாயில் வைக்கப்படும். ‘செய்துவிட்டார்கள்’ எனின், அவர் தம்மை விலக்கிக்கொண்டதாகும். ‘நேர்ந்துவிட்டன’ எனின், செய்தவரே இல்லை என்றாகும். ‘தவறுகள் இழைக்கப்பட்டன’ என்பதே மூலம் சொன்னதைச் சொல்லி, சொல்லாததைச் சொல்லாது விடும். ஒருவர் ‘சுடப்பட்டார்’ என்னும் செய்தியைச் ‘சுட்டனர்’ என மாற்றுவோர், சுட்டவர் பலர் என்னும் அறியப்படாத செய்தியைச் சேர்க்கக்கூடும்.

எல்லா இடத்தும் ‘படு’ வேண்டும் என்பதன்று கருத்து. பொருளைத் தலைப்பில் நிறுத்துவது மட்டுமே ஆங்கிலத் தொடரின் நோக்கமாயின், இரண்டாம் வேற்றுமைப் பெயரை முன்வைத்தல் தமிழுக்குப் போதும்: ‘இப்பாலத்தை 1914இல் திறந்தனர்.’ கைதுசெய்தோர் காவலர் எனத் தெளிவாயின் ‘அவரைக் கைது செய்தனர்’ என்பதில் குற்றமில்லை. வினைமுதல் தெரியாதபோதும், அதனைச் சொல்லாமை பொருளோடு பிணைந்தபோதும் மட்டும் செயப்பாட்டுவினையைக் காத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை ஒவ்வொரு தொடரிலும் ஆராய்ந்து துணிதல் மொழிபெயர்ப்பாளர் கடன். நடைநூலின் ஒற்றை விதி அப்பணியைச் செய்துதர இயலாது.