ஆடவல்லானும் மரக்காலும்: சோழர் படிமக் கலையும் மூலாதாரங்களும்

சோழர் காலத்து நடராசப் படிமங்களைப் பற்றி இன்றுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலன ஓர் ஊற்றிலிருந்தே பெருகியுள்ளன. ஆனந்த குமாரசுவாமி அவர்களின் 1918 ஆம் ஆண்டு நூலுக்குத் தலைப்பளித்த சிவநடனம் பற்றிய கட்டுரையே அவ்வூற்று. உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய தாள் மறைத்தலையும், எடுத்த தாள் அருளலையும் சுட்டும் என்னும் விளக்கம் அதனாலேயே உலகெங்கும் பரவியது. 2004 இல் செனீவாவின் அணுவாய்வு நிலையத்தில் நடராசர் நிறுவப்பட்டபோதும் அவ்விளக்கமே துணைநின்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில், கீழைத்தேயக் கலையை இழித்துரைத்தோர்க்கு விடையாக எழுந்த அக்கட்டுரையின் வரலாற்றுப் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அதன் ஆதாரங்கள் எக்காலத்தவை என்னும் வினா நெடுங்காலம் உரக்க எழுப்பப்படவில்லை.

அவ்விளக்கத்துக்குப் பெருந்துணையாக நிற்கும் உண்மைவிளக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல். செம்பியன் மாதேவி காலத்துப் படிமங்களோ பத்தாம் நூற்றாண்டின. தஞ்சைப் பெருங்கோயிலின் படிமங்கள் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தன. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தோன்றிய சாத்திரத்தின் வாயால் முந்தைய கலைஞனைப் பேசவைப்பது முறையாகுமா? பத்மா கைமால் 1999 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடர்ப்பாட்டை நேர்முகமாக எதிர்கொண்டது. இதனால் பக்தி இலக்கியத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. எடுத்த திருவடியைப் பாடிய அப்பர் இப்படிமங்களுக்கு முந்தியவர். அவர் பாடல் காலத்தால் ஏற்புடைய சான்று. பிந்திய நூலை முந்திய காலத்துக்கு ஏற்றுவதையே நாம் மறுக்கின்றோம்.

படிமங்களின் காலத்திலேயே, அவை எழுந்தருளிய கோயிலின் சுவரிலேயே வெட்டப்பட்ட சாசனங்கள் நமக்குண்டு. இராசராசேச்சரத்துச் சாசனங்களை ஹுல்ஷ் 1891 முதல் பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். எனவே குமாரசுவாமியின் நூல் வெளிவந்தபோது அவை அச்சேறிக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. அரசனும், அவன் தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் எழுந்தருளுவித்த அறுபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளை அவை விவரிக்கின்றன. அவற்றுள் இன்று எஞ்சியவை மிகச் சில. கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்த உயரம், கைகளின் தொகை, சடை, சடைமேற் கங்கை, அடியிற் கிடக்கும் முயலகன், பீடம் ஆகிய யாவும் ஒரு கணக்கனின் கண்ணோடு குறிக்கப்பட்டுள்ளன. திருமேனி கனமாக வார்க்கப்பட்டதா, உள்ளே பொள்ளலாக வார்க்கப்பட்டதா என்பதுகூடத் தப்பவில்லை. ஐந்தொழில் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. சொத்துப் பட்டியலில் தத்துவத்தைத் தேடுவது பொருந்தாது என்பர் சிலர். ஒருபுடை உண்மையே. ஆனால் அப்பட்டியல் தரும் செய்தி தத்துவத்தினும் சிறிதன்று.

ஆடவல்லான் என்பது அச்சாசனங்களில் இறைவனின் பெயர் மட்டுமன்று. பொன்னை நிறுத்த கல்லின் பெயரும் ஆடவல்லான். நெல்லை அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். கோயிலுக்கு நெல் அளந்த உழவன் ஆடும் இறைவனை முதன்முதற் சந்தித்தது, கருவறைக்கு அப்பால், களத்து மேட்டிலாகவும் இருந்திருக்கலாம். திருமேனிகளின் அமுதுபடிக்கும் விளக்குக்குமாக வைக்கப்பட்ட காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு, அதாவது எட்டிலொரு பங்கு, பொலிசையாக வந்தது. படிமம் இங்கே வழிபடுபொருளாகவும் கடன் கொடுத்தவராகவும் ஒருங்கே நிற்கின்றது. அரசியல் அதிகாரமும், நிலவுடைமையும், வழிபாடும் ஒன்றோடொன்று பின்னிய ஒரு சமூகத்தின் கலை அது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அதே சுவரில், இறையிறுக்காத நிலங்களாக ஊர்நத்தமும் சுடுகாடும் வாய்க்காலும் பறைச்சேரியும் கம்மாணசேரியும் தீண்டாச்சேரியும் அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. சோழப் பெருமை பேசும் நூல்கள் விமானத்தின் உயரத்தைத் தவறாது கூறும். இச்சேரிகள் அந்நூல்களில் எத்தனை பக்கம் பெற்றுள்ளன?

ஈழத்துத் தமிழராகிய நமக்கு இன்னொரு சாசனம் நெருக்கமானது. இராசராசனின் ஆட்சியிறுதியை அண்டிய அது, ஈழமண்டலத்து ஊர்கள் சில தஞ்சைக் கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் அளிக்கக் கடமைப்பட்டிருந்ததைக் கூறுகின்றது. சோழராட்சியை நம் பொற்காலமாகக் கொண்டாடும் உள்ளூர் எழுத்தாளர் இச்சாசனத்தை விரித்துரைப்பதில்லை. அவ்வாட்சியை வெறும் படையெடுப்பாகச் சுருக்கும் மறுதரப்பாருக்கும், ஆட்சி நடந்த முறையைக் காட்டும் இதன் நுணுக்கம் வேண்டியதில்லை. பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை 1971 இல் ‘சாசனமும் தமிழும்’ என்னும் நூலால் வகுத்த பாதை நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் அகலப்படுத்தப்படவில்லை என்பது நம் கருத்து.

மூலாதாரம் யாவற்றையும் சொல்லிவிடும் என்று நாம் மயங்கவும் வேண்டியதில்லை. சாசனம் கொடுத்தவரின் குரல். திருமேனியை எழுந்தருளுவித்தவர் பெயரைச் சொல்லும் அது, மெழுகில் உருச்சமைத்துச் செம்பை உருக்கி வார்த்தவனின் பெயரை அங்கே சொல்வதில்லை. அவ்விடத்தில் எழுத்தை விட்டுப் பொருளையே வினவ வேண்டும். பொலநறுவைச் சிவதேவாலயங்களிற் கண்டெடுக்கப்பட்ட படிமங்கள் இதற்கு ஏற்ற களம். குமாரசுவாமியே 1914 இல் கொழும்பு நூதனசாலைச் செப்புத் திருமேனிகளுக்கு விரிவான விவரணம் எழுதினார். தத்துவக் கட்டுரையினும் அவ்விவரணமே ஆய்வாளனுக்குப் பயன்மிகுந்தது. அப்படிமங்கள் சோழநாட்டிலிருந்து வந்தனவா, இத்தீவிலேயே வார்க்கப்பட்டனவா என்பது பாணியொப்புமையை மட்டும் கொண்டு தீரும் வழக்கன்று. உலோகக் கலவையின் விகிதமும், உள்ளிருக்கும் வார்ப்புமண்ணும், பீடத்தின் துளைகளும் ஒருங்கே ஆராயப்படல் வேண்டும். அவ்வாய்வுக்கு இரசாயனத்துறையும் தமிழ்த்துறையும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும்.