மெலிவு நரம்பும் முதுவயது மாணாக்கரும்

தமிழிசையில் தானங்கள் மூன்று. மெலிவு, சமன், வலிவு என்னும் அவற்றின் பெயர்களை அரங்கேற்று காதையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் யாவரும் அறிவர். வகுப்பறையில் அவற்றுக்கு மந்தரம், மத்திமம், தாரம் எனப் பொருள் உரைக்கப்படும். மாணாக்கர் அதனைத் தேர்வுக்குரிய குறிப்பாக எழுதிக்கொள்வர். அத்துடன் பாடம் முடியும். மெலிவு எவ்வாறு ஒலிக்கும், அஃது இல்லாவிடின் பாட்டுக்கு நேரும் குறை யாது என்று வினவும் மாணாக்கர் அரியர். வினவினால் விடையிறுக்க வல்ல ஆசிரியரும் அரியரே.

இவ்விடத்தில்தான் ஐம்பது வயதைக் கடந்தபின் பேஸ் கித்தாரைக் கையில் எடுக்கும் மனிதர் திறனாய்வாளரின் கவனத்துக்கு உரியவர் ஆகிறார். அவரை வேடிக்கை மனிதராகக் காண்பதே சமூகத்தின் வழக்கம். பேரன் பேத்தி எடுக்கும் காலத்தில் இளைஞர் கருவி எதற்கு என்று வீட்டார் கேட்பர். பள்ளிகள் ஔவையாரின் இளமைக் கல்வியை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு, இறக்கும் வரையில் ஒருவன் கல்லாதிருப்பதற்குக் காரணம் என்ன என்று கேட்ட வள்ளுவரை நினைவில் வைத்திருக்கவில்லை. கல்வி அதிகாரத்தின் பத்துக் குறளும் மனப்பாடம். ஏழாவது குறள் மட்டும் வாழ்க்கைக்கு வரவில்லை போலும்.

கருவியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பேஸ் கித்தாரைத் தாழ்நரம்புக் கித்தார் என்று கூறலாம். அப்பெயர் வழக்கில் நிலைக்குமா என்பது வேறு கேள்வி. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். எனினும் 1951இல் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியே உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னர் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட, நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸ் அப்பணியைச் செய்துவந்தது. பேஸ் கித்தாருக்குப் பெரும்பாலும் நரம்புகள் நான்கு. அவை சாதாரணக் கித்தாரின் தாழ்ந்த நான்கு நரம்புகளுக்கும் ஒரு தானம் கீழே ஒலிப்பன. அனைத்திலும் தாழ்ந்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தடுத்த நரம்புகள் ஒன்றுக்கொன்று நான்காம் சுரமாக, அதாவது குரலுக்கு உழை நிற்கும் முறையில், சுருதி கூட்டப்படுகின்றன. நான்காம் நரம்பை நட்பு என்று வழங்கியது பழந்தமிழ் இசைமரபு. அம்மரபைக் கற்ற தமிழாசிரியருக்கு இக்கருவியின் அமைப்பு முற்றிலும் அந்நியமானதன்று.

நான்கே நரம்புகள், ஒரு நேரத்தில் ஒரே ஒலி. எனவே எளிது, ஆகவே வயதானவர்க்கு ஏற்றது என்று ஓர் ஆறுதல் மொழி வழங்கி வருகிறது. இது பிழை. கித்தாரின் ஒலிக்கும் நரம்பு நீளம் ஏறத்தாழ 25 அங்குலம். பேஸ் கித்தாரில் அது பெரும்பாலும் 34 அங்குலம். நரம்பு தடித்தது, இடைவெளிகள் அகன்றவை. இடக்கை விரல்கள் விரியவும் வேண்டும், அழுத்தவும் வேண்டும். இளமையின் நெகிழ்ச்சி நீங்கிய கைக்கு இது துன்பமே. இதனை மறைத்து ஊக்கமூட்டுவோர் கற்பவருக்கு நன்மை செய்வோர் அல்லர். மூன்றாம் வாரத்தில் மணிக்கட்டு வலிக்கும்போது, குறை தம்முடையது என்று எண்ணி அவர் கருவியை மூலையில் சாய்த்துவிடுவார்.

எளிமை காரணம் அன்று எனின், முதுவயதினருக்கும் இக்கருவிக்கும் பொருத்தம் யாது? விடை விரலில் இல்லை, செவியில் இருக்கிறது. முதுமையில் கேட்கும் திறன் குறையுங்கால் முதலில் மங்குவது மிக உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே. தாழ்ந்த ஒலிகள் நெடுங்காலம் நிற்கின்றன. மூளையும் கதவடைத்துவிடுவதில்லை. லிங்கன்ஹோக்கர், நுட்சென் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் சொல்லத் தக்கது. காட்சியை ஒரு பக்கமாக விலக்கும் கண்ணாடியைக் கூகைகளுக்கு அணிவித்தால், இளங்கூகைகள் விரைவில் தம் செவியைக் கண்ணுக்கு இயைத்துக்கொள்ளும். வளர்ந்தவை பெரும்பாலும் தோற்கும். ஆயின் அதே விலக்கத்தைச் சிறுசிறு படிகளாகக் கூட்டியபோது வளர்ந்த கூகைகளும் பெருமளவு தேறின. நாற்பதை நெருங்கும் அகவையில் கித்தார் கற்ற உளவியலாளர் கேரி மார்கஸ் 2012இல் வெளியிட்ட 'கித்தார் ஜீரோ' என்னும் நூலில் இவ்வாய்வை எடுத்தாள்கிறார். தாம் மேதையாகிவிட்டதாக அவர் எங்கும் சொல்லிக்கொள்ளாதது அந்நூலுக்குச் சிறப்பு.

இனி, தமிழருக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. 'அன்னக்கிளி' வெளிவந்த 1976 தொடங்கிப் பத்தாண்டுகளில் இளையராஜா தமிழ்த் திரையிசைக்கு அளித்தவற்றுள் நாட்டுப்புற மெட்டையும் வயலின் கூட்டத்தையும் எழுதாத கட்டுரையாளர் இல்லை. பேஸ் கித்தாருக்கு அவர் அளித்த இடத்தைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். அதற்கு முன்னர்த் திரைப்பாட்டில் தாழ்நரம்பு பெரும்பாலும் தாளத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றது. அவர் பாடல்களிலோ அது தனக்கென ஒரு மெட்டோடு நடக்கிறது. 'நிழல்கள்' (1980) படத்தில் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய பாடலையும், 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலவுப் பாடலையும் கேட்டால் இது விளங்கும். மேலே பாடகர் ஒரு வழியில் செல்ல, கீழே இன்னொரு குரல் வேறு வழியில் சென்று, உரிய இடத்தில் வந்து கூடுகிறது. இரண்டு அடிகள் ஒன்றையொன்று தழுவி நிற்பதைத் தொடை என்று கற்பிக்கும் ஆசிரியர், இரண்டு மெட்டுகள் அவ்வாறு நிற்பதைக் கேளாமல் போனது வியப்பே. அக்காலத்து ஒலிப்பதிவுகள் பலவற்றில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை அறிந்த தமிழாசிரியர் எத்துணைப் பேர்?

கேளாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதற்கு எவரையும் குறை கூற இயலாது. பினாங்கில் அப்பாடல்கள் சென்று சேர்ந்தவை வானொலிப் பெட்டியின் வழியாகவும் ஒலிநாடாவின் வழியாகவும். உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி நொடிக்கு 41 அதிர்வை எழுப்ப வல்லதன்று. அதன் மேலதிர்வுகளைக் கொண்டு அடியொலியைச் செவி ஊகித்துக்கொள்ளும், அவ்வளவே. ஆகவே 1982இல் இருபது வயதில் அந்நிலவுப் பாடலை நூறு முறை கேட்ட ஒருவர், அதன் கீழ்ப்பாதியை உண்மையில் கேட்டதில்லை. சொல் நெஞ்சில் நிற்கும், மெட்டும் நிற்கும். அறுபதாம் அகவையில் நல்ல ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து, அந்தத் தாழ்நரம்பின் வழியை ஒவ்வோர் ஒலியாகத் தேடிப் பிடிக்கும்போது, நாற்பது ஆண்டுகளாகத் தமதென்று எண்ணியிருந்த பாட்டில் இன்னொரு பாட்டு இருப்பதை அவர் காண்கிறார். இருபது வயது இளைஞனுக்கு இது வாய்க்காது. அவனுக்குப் பாட்டும் புதிது, கருவியும் புதிது. முதியவருக்கோ பாட்டு தன் வீடு; அவ்வீட்டில் அதுவரை திறவாத அறை ஒன்று திறக்கிறது.

பினாங்கு இக்கருவிக்குப் புதிய ஊர் அன்று. 1960களின் இறுதியில் இங்குத் தோன்றிய ஆலிகேட்ஸ் குழுவைத் தலைநின்று நடத்தியோர் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார். ஆங்கிலத்திலும் பின்னர் மலாயிலும் பாடி அவர்கள் நாடறிந்தனர். லோகநாதன் 2007இல் மறைந்தார். மேலும், தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்த செவிக்குத் தாழ்ந்த ஒலி எங்ஙனம் அந்நியமாகும்? வளைந்த குச்சியால் உரசும்போது உறுமி எழுப்பும் அந்த இழுபட்ட முழக்கமும், மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை இட்டதும் பிறக்கும் கும்காரமும் மெலிவின் சுவையே. உடல் அறிந்ததை ஏடு அறியவில்லை என்பதே குறை.

முதுவயதுக் கல்விக்கு விபுலானந்த அடிகளைச் சான்று காட்டுவோர் உண்டு. 1892இல் பிறந்த அடிகள், அறிவியல் ஆசிரியராய் இருந்து துறவு பூண்டு, நாற்பதை ஒட்டிய வயதில் யாழாராய்ச்சியில் இறங்கினார். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே மறைந்தார். அரிய சான்றுதான். ஆயினும் அதனை இங்கு முழுதும் பொருத்துதல் தகாது. அடிகள் கணக்கினால் நரம்பை ஆராய்ந்த அறிஞர். பேஸ் கித்தார் கற்பவர் தோல் கன்றிய விரலால் அதனை அறிய முயல்பவர். இவருக்கு நெருங்கிய சான்று கரோல் கே என்னும் அமெரிக்கப் பெண்மணி. ஜாஸ் கித்தார் வாசித்துவந்த அவர், 1963இல் ஓர் ஒலிப்பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வாராமையால் அப்பணியை ஏற்றார். அப்போது அவருக்கு 28 வயது. பின்னர் அக்கருவியிலேயே பெயர் பெற்றார். அவருக்கு உதவியது விரலின் வேகம் மட்டும் அன்று. அதுவரை அடைந்திருந்த கேள்வி ஞானமும் ஆகும்.

கற்பிக்கும் முறையில் ஒரு குறை சுட்டத் தக்கது. பயிற்சி ஏடுகள் பல, எந்த நரம்பில் எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று எண்களால் வரைந்து தருகின்றன. விரைவில் ஏதோ ஒன்று ஒலிக்கும்; ஆனால் எண்ணைப் பார்த்து அழுத்துபவர் கேட்பதில்லை. சொற்கட்டை வாயால் சொல்லச் செய்து, பின்னரே மிருதங்கத்தில் கைவைக்க விடும் நம் ஆசான்மாரின் முறை இதனினும் மேலானது. தாழ்நரம்பின் வழியை முதலில் வாய்விட்டுப் பாடவேண்டும். தொண்டைக்கு எட்டாவிடின் ஒரு தானம் மேலே பாடலாம். இரண்டே அட்சரம், பின்னர் நான்கு, பின்னர் ஓர் ஆவர்த்தம் என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். கூகைகள் தேறியதும் அவ்வாறே.

இவ்வாறு ஓராண்டு பயின்ற தமிழாசிரியர் மேடை ஏறுவாரா என்பது கேள்வியே அன்று. ஏறாமலும் போகலாம். அவர் தம் கருவியையும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றையும் அரங்கேற்று காதைப் பாடத்தன்று வகுப்புக்குக் கொண்டுசெல்லட்டும். முதலில் சமன் தானத்துக் குரலை இசைத்து, மாணாக்கரைச் சேர்ந்து பாடச் செய்யட்டும். பின்னர் எதுவும் சொல்லாமல் அதே குரலை மெலிவில் இசைக்கட்டும். பின்வரிசை மேசையில் கைவைத்திருக்கும் மாணவன், மரம் அதிர்வதை உணர்ந்து தலைநிமிர்வான்.