பெண்ணியப் பகுப்பும் கிள்ளான் கோரிக்கையும்

பெண்ணியம் என்னுஞ் சொல் தமிழுக்குப் புதிது. அது குறிக்கும் பொருள் புதிதன்று. இக்காலத் திறனாய்வாளர் பலர் அதனைத் தாராளவாதம், மார்க்சியம், தீவிரவாதம் என மூன்று கிளையாகப் பகுப்பர். 1792இல் மேரி உல்ஸ்டன்கிராப்ட் எழுதிய நூலில் தொடங்கி, 1884இல் ஏங்கெல்ஸ், 1949இல் சிமோன் தெ பொவ்வார், 1970இல் கேட் மில்லட் என வரிசையுங் காட்டுவர். முதற்கிளை கல்வியையும் சட்டத்தையும் நாடுவது. இரண்டாவது சொத்தையும் உழைப்பையும் ஆராய்வது. மூன்றாவது வீட்டிலும் உடலின் மேலும் செல்லும் ஆணாட்சியை எதிர்ப்பது. பாடஞ் சொல்ல இப்பகுப்பு எளிது. ஆயின், அவ்வரிசையை அப்படியே நம் வரலாற்றின்மேல் ஏற்றி, அவ்வெண்ணம் இங்கே பிந்தியே வந்தது என்பார் கூற்று ஏற்புடையதன்று.

கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941இல் நடத்திய வேலைநிறுத்தம் அதனை மறுக்கும். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனருக்கு ஒத்த கூலி, கள்ளுக்கடை மூடல், துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை என்பவற்றோடு, துரைமாரும் தோட்ட உத்தியோகத்தரும் பெண்டிரிடம் முறைகேடாக நடப்பது ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மில்லட்டின் நூலுக்கு இது 29 ஆண்டு முந்தியது!

இதனைப் பெண்ணியக் கோரிக்கையென்றே கொண்டாடிவிடுதலும் பொருந்தாது. வரலாற்று நூல்களிற் காணும் அதன் வாசகம் ‘தொழிலாளரது பெண்டிர்’ என்னும் பொருள்பட அமைந்தது. பால்மரம் வெட்டிய பெண்ணும் தொழிலாளியே அல்லளோ? வாசகமோ ஆணைத் தொழிலாளியாகவும் பெண்ணை அவன் உடைமையாகவும் வைக்கிறது. உயர்திணைத் தொகையை விரிக்குமிடத்து ‘அது’ உருபு கெட்டுக் ‘கு’ உருபு வரும் என்பது தொல்காப்பிய விதி. மனிதரை உடைமைபோற் கூற இலக்கணமே கூசிற்று, போராட்டம் கூசவில்லை.

கூலியிலும் இக்குறையே தோன்றும். 1920களின் இறுதியில் சிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களுக்கு விதித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தமிழனுக்கும் சீனனுக்கும் இடையிலிருந்த வேற்றுமையைக் கண்ட 1941ஆம் ஆண்டுப் பட்டியல், ஒரே லயத்து வீட்டினுள் இருந்த இந்தப் பத்துக்காசு வேற்றுமையைக் காணவில்லை. மார்க்சியக் கிளையினர் வர்க்கத்தை மட்டுமே பேசியவிடத்து எழுந்த குறையும் ஏறத்தாழ இதுவே.

மற்றொரு சான்று கோலாலம்பூரிற் பிறந்த ரசம்மா பூபாலன். இவர் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்து, ஆசிரியைகளுக்குச் சம ஊதியங் கேட்டார். அரசுப் பணியில் அது கைகூட அப்பத்தாண்டின் இறுதி ஆயிற்று. பகுப்பாளர் இதனைத் தாராளவாதக் கிளையில் வைத்து அமைவர். ஆனால் இவர், 1943இல் தோன்றிய ஜான்சிராணிப் படையிற் சேர்ந்து பர்மாவரை சென்றவர். கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி ஆதி நாகப்பனும் அப்படையினரே. துப்பாக்கி பிடித்து அணிவகுத்த பெண்ணுக்குப் பின்னர்ச் சம்பளப் பட்டியலைக் காட்டி, ‘நீ பாதி’ என்றால் அடங்குவளோ? மூன்றாம் உலக நாடுகளில் பெண் விடுதலையும் நாட்டு விடுதலையும் பின்னி வளர்ந்தன என்று இலங்கையறிஞர் குமாரி ஜயவர்த்தன 1986இல் நிறுவியதே நமக்குப் பொருந்துவது. அவர் நூல் நம் ஆசிரியர் கைகளில் அரிதாகவே காணப்படுவது வருந்தத்தக்கது.

ஆசிரியைகளின் வெற்றி பால்மரக் காட்டுக்குத் தானாக வந்து சேரவில்லை. பால் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்னுஞ் சொல் கூட்டரசு அரசமைப்பின் 8(2)ஆம் பிரிவிற் சேர்ந்தது 2001இல். கிள்ளான் வேலைநிறுத்தத்துக்குச் சரியாக 60 ஆண்டு கழித்து.