பச்சை மூங்கில் பாடை

பாடையை அழகான பொருள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கனகசெட்டிக்குளம் போன்ற ஊர்களில் கட்டும் பாடையில் கைத்திறன் நிறையவே உண்டு. நீளவாக்கில் இரண்டு பச்சை மூங்கில், குறுக்கே சிம்புகள், மேலே தென்னங்கீற்று, எல்லாம் கயிற்றுக் கட்டு. சுடுகாடு வரை தாங்கினால் போதும், இழைப்பு வேலை வேண்டாம். ஆனால் நாலு தோளும் ஒரே உயரம் இல்லையே! அதற்குப் பச்சை மூங்கில் வளைந்து கொடுக்கும், முறியாது. இந்த வேலை வியாபாரமாக மாறிய இடங்களும் உண்டு. அமெரிக்காவில் சவப்பெட்டி செய்த தச்சர்களே மெல்ல இறுதிச்சடங்கு வியாபாரிகளானார்கள். 1861-65 உள்நாட்டுப் போரில் உடலைப் பதப்படுத்துவது பரவ, அந்தத் தொழில் இன்னும் வலுத்தது.

இங்கும் ஐஸ் பெட்டி, சொர்க்க ரதம் எல்லாம் வாடகைக்கு வந்தாயிற்று. வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை ஐஸ் பெட்டி வேண்டியதுதான். சாவு வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிய மரபைப் புகழலாமா என்ற கேள்வி, வாடகைப் பொருள் வேண்டுமா என்பதைவிடக் கனமானது. மரபைப் புகழ வேண்டாம். பாடை கட்டும் கைத்திறனைப் புகழலாம், உரிய கூலியோடு.